வெண்ணொளியின் சடப்பொருள்: ஒளிர்பொருள் ஆய்வும் அதன் சமூகத் தளமும்

விளக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் புனைந்தோரின் பெயர்நிரலையே எழுதி முடித்துவிடுகின்றனர். எடிசனில் தொடங்கி நாக்கமுராவில் முடியும் அந்நிரல், புலவர் பெயர்களையும் நூற்பெயர்களையும் கால வரிசையில் அடுக்கிவைத்து இலக்கிய வரலாறு என்று பெயரிடும் பழைய முறைக்கு ஒப்பானது. மேதை ஒருவர் ஓரிரவில் இருளைப் போக்கினார் என்னும் கதை கேட்பதற்கு இனியதே. ஆயின் எந்தப் பொருள், எவ்வாறு, எவருடைய உழைப்பால், எவருடைய உடைமையாக ஒளி தந்தது என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை.

இக்கட்டுரை அவ்வினாக்களை ஒரு குறித்த பொருள் தொடர்பாக எழுப்புகின்றது. இன்று வீடுகளிலும் வீதிகளிலும் எரியும் வெண்ணிற ஒளிகாலும் இருவாயி விளக்கைத் திறந்து பார்ப்பின், சிறு சில்லுகளின்மேல் மஞ்சள் நிறப் பூச்சு ஒன்றைக் காணலாம். அப்பூச்சில் உள்ளதே ஒளிர்பொருள். மின்னைச் சிக்கனப்படுத்தும் வெண்ணொளி பற்றிய இன்றைய ஆய்வின் பெரும்பகுதி அதனைச் சுற்றியே நடைபெறுகின்றது. இலக்கிய மாணவன் ஒருவன் இதனை எழுதுவது பொருந்துமா என வினவுவோர் உளர். ஏடு எந்த ஒளியிற் படிக்கப்படுகின்றது, எந்த ஒளியிற் கூத்து ஆடப்படுகின்றது என்பன இலக்கியத்துக்குப் புறம்பான செய்திகள் அல்ல என்பதே அவர்க்கு என் மறுமொழி.

பெற்றோமக்ஸ் விளக்கிலிருந்து தொடங்குதல் வசதியானது. மின்சாரம் எட்டாத ஊர்களில் கோயில் திருவிழாவும் கலியாண வீடும் கூத்துக் களரியும் அதன் ஒளியிலேயே நடந்தன. அவ்விளக்கில் ஒளி தருவது, சுவாலையிற் சூடேறும் மென்ரில் என்னும் வலையுறை. அவுஸ்திரிய இரசாயனவியலாளர் கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1880களில் இவ்வுறையை உருவாக்கினார். 1891 இல் அவர் வெளிக்கொணர்ந்த கலவையில் தோரியம் ஒட்சைட்டு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு 1 பங்கும் இருந்தன. தோரியம் ஒட்சைட்டுத் தனியே நின்றால் மங்கலாகவே ஒளிரும். சீரியத்தை மிகுதியாகச் சேர்ப்பினும் ஒளி குன்றும். நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு என்னும் அளவிலேயே பிரகாசமான வெள்ளொளி பிறந்தது. தூய பொருளிலும் பார்க்க, அளவறிந்து மாசூட்டப்பட்ட பொருளே நன்கு ஒளி தரும் என்னும் இவ்வுண்மையை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கே மீள்வோம்.

இவ்வுறைக்கு வேண்டிய தோரியத்தைத் தேடியே ஐரோப்பியக் கம்பனிகள் திருவிதாங்கூர்க் கடற்கரையின் மொனசைற்று மணலை நாடின. இலங்கையும் இத்தேட்டத்திற்குத் தப்பவில்லை. பிரித்தானிய ஆட்சியில் இந்நாட்டின் கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராகக் கடமையாற்றிய ஆனந்த குமாரசுவாமி, பின்னர் தோரியனைற்று எனப் பெயர்பெற்ற கனிமத்தை 1904 இல் இங்கு கண்டறிந்தார். கலை வரலாற்றாசிரியராகவே நம்மவர் அறிந்த ஒருவரின் முதல் ஆராய்ச்சிப் பணி, ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கு ஒளி தரும் மூலப்பொருளோடு தொடர்புற்றிருந்தமை நம் இலக்கிய வகுப்புகளிற் பெரிதும் பேசப்படுவதில்லை. மொனசைற்றில் தோரியத்தைக் காட்டிலும் சீரியமே மிகுதி. தோரியத்தைப் பிரித்தபின் குவிந்துகிடந்த சீரியத்துக்குச் சந்தை தேடிய வெல்ஸ்பாக், 1903 இல் அதனை இரும்போடு கலந்து தீப்பொறி தரும் லைற்றர் கல்லாக்கினார். கழிவும் பண்டமாயிற்று.

மென்ரிலும் எடிசன் மரபில் வந்த மின்குமிழும் வெப்பத்தால் ஒளி தருபவை. ஏறத்தாழ 2,500 பாகை செல்சியசிற்குச் சூடேற்றப்படும் தங்குதன் இழையானது தான் பெறும் சக்தியில் நூற்றில் பத்துக்கும் குறைந்த பங்கையே கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக்குகின்றது, எஞ்சியது வெப்பம். விளக்கின் திறனை அளக்கும் அலகு லூமன். ஒரு வாற்று மின்னுக்கு எத்தனை லூமன் என்பதே கணக்கு. இவ்வலகில் மனிதக் கண்ணும் ஓர் உறுப்பாக நிற்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளியையே பகற்கண் மிகக் கூர்மையாக உணரும். அந்நிறத்தில் ஒரு வாற்று ஒளி 683 லூமன் ஆகும். 650 நனோமீற்றர்ச் சிவப்பிலோ அதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான். எனவே திறன் என்பது பொருளின் இயல்பை மாத்திரம் குறிப்பதன்று. காண்போனின் உடலும் அதில் அடக்கம். சாதாரண இழைக்குமிழ் வாற்றுக்கு ஏறக்குறைய 16 லூமன் தருவது.

அக்குமிழின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் குறிப்பிட்டுச் செல்லலாம். 1924 இல் ஐரோப்பிய, அமெரிக்க விளக்குக் கம்பனிகள் பீபஸ் என்னும் பெயரிற் கூடிச் சந்தையைப் பங்கிட்டதோடு, குமிழின் ஆயுள் 1,000 மணித்தியாலத்தை மிஞ்சலாகாதென்றும் உடன்பட்டன. மிஞ்சியோர் தண்டம் செலுத்தினர். இழையைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் ஆயுள் நீளும், ஒளித்திறன் குன்றும் என்பது பௌதிக உண்மை. ஆகவே கம்பனிகளின் வாதத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆயின் அந்நியாயத்தின் எல்லையை வகுத்தவர்கள் விற்பனையைக் கணக்கிட்டவர்களே.

ஒளிர்பொருள் வீட்டு விளக்கினுள் நுழைந்தது மின்குழலோடு. அதனுள்ளேயுள்ள இரச ஆவி 254 நனோமீற்றர்க் கழியூதாக் கதிரைக் காலும். குழலின் உட்புறப் பூச்சு அதனை உறிஞ்சிப் புலனாகும் ஒளியாக மாற்றும். தொடக்கத்தில் பயன்பட்ட பூச்சுகளுள் ஒன்று பெரிலியம் கலந்த சிலிக்கேற்று. பெரிலியத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. மசச்சூசெற்சில் மின்குழற் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தோருக்கு நேர்ந்த நோயை ஹரியற் ஹார்டி என்னும் மருத்துவர் 1946 இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளிப்படுத்தினார். 1949 இல் அமெரிக்க விளக்குத் தொழில் அப்பொருளைக் கைவிட்டது. அதன் இடத்தைப் பிடித்த கல்சியம் ஏலோபொசுபேற்று 1942 அளவிலேயே இங்கிலாந்திற் கண்டறியப்பட்டிருந்தது. மாற்றுப் பொருள் கைவசம் இருந்தபின்னும் ஏழு ஆண்டுகள் கழிந்தன. புதிய ஒளிர்பொருள் ஒன்றைப் பற்றி எவரேனும் வியந்து பேசும்போது, அதனை அரைப்போர் எதைச் சுவாசிக்கின்றனர் என்று கேட்பதை நாம் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி இருவாயிக்கு வருவோம். குறைகடத்திப் பளிங்கின் ஒரு பகுதியில் இலத்திரன்கள் மிகுந்தும் மறுபகுதியில் இலத்திரன் வெற்றிடங்களாகிய துளைகள் மிகுந்தும் இருக்குமாறு மாசூட்டி மின்னைச் செலுத்தினால், எல்லையில் இலத்திரன் துளையில் விழும். விழும்போது இழக்கும் சக்தி ஒளியாக வெளிப்படும். விழும் ஆழமே நிறத்தைத் தீர்மானிக்கின்றது. சிலிக்கன் காபைட்டில் இவ்வொளியை ஹென்றி ரவுண்ட் 1907 இல் குறித்தார். அதனை முறையாக ஆராய்ந்தவர் சோவியத் ஒன்றியத்தின் ஒலெக் லோசெவ். 1920களில் நிஸ்னி நோவ்கொறொட் வானொலி ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த அவர், 1942 இல் லெனின்கிராட் முற்றுகையின்போது பட்டினியால் மாண்டார். 1962 இல் அமெரிக்காவில் நிக் ஹொலொன்யாக் சிவப்பு இருவாயியை ஆக்கினார். நீலமோ மேலும் முப்பது ஆண்டுகள் கிட்டவில்லை. நீலமின்றி வெண்மையில்லை.

நீலத்துக்குரிய ஆழம் கலியம் நைதரைட்டில் உண்டென்பது தெரிந்திருந்தது. ஆயின் அதனை வளர்ப்பதற்குப் பொருத்தமான அடித்தளம் இல்லை. கிடைத்த நீலக்கல்லின் அணுவடுக்குக்கும் இதன் அடுக்குக்கும் ஏறக்குறைய 16 சதவீத வேறுபாடு. வளர்ந்த படலம் வெடித்துப் பிளவுற்றது. நாகோயாப் பல்கலைக்கழகத்தில் ஐசாமு அக்கசாக்கியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும், குறைந்த வெப்பத்தில் அலுமினியம் நைதரைட்டு மென்படலம் ஒன்றை முதலில் இட்டு, அதன்மேல் நல்ல பளிங்கை 1986 இல் வளர்த்தனர். துளை மிகுந்த பகுதியை ஆக்குதல் அடுத்த இடர். மகனீசியத்தைச் சேர்த்தும் பயன் விளையவில்லை. 1989 இல் இலத்திரன் கற்றை பட்ட இடத்தில் அது செயற்படுவதை நாகோயாக் குழுவினர் கண்டனர். ஏன் என்பதற்கான விடை 1992 இல் நிச்சியா என்னும் கம்பனியில் ஷூஜி நாக்கமுராவிடமிருந்து வந்தது. பளிங்கை வளர்க்கப் பயன்பட்ட அமோனியாவின் ஐதரசனே மகனீசியத்தைப் பற்றிப்பிடித்து முடக்கியிருந்தது. சூடேற்றினால் அது விலகிற்று. 1993 இல் பிரகாசமான நீல இருவாயி விற்பனைக்கு வந்தது. இதிற் புதிர் ஒன்றும் உண்டு. இப்பளிங்கில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குறைத்தடங்கள் காணப்படும். பிற குறைகடத்திகள் இத்தனை குறையிருப்பின் ஒளியே தரா. பலர் இப்பொருளைக் கைவிட்டு நாக செலனைட்டை நாடியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மூவரும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே இக்கதை நீதிமன்றம் ஏறியிருந்தது. தம் புத்தாக்கத்துக்காக நாக்கமுரா கம்பனியிடமிருந்து பெற்ற சன்மானம் 20,000 யென். அவர் தொடுத்த வழக்கில் 2004 இல் ரோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் வழங்குமாறு தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 2005 தை மாதம் வட்டியுட்பட ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் காணப்பட்டது. இதனை உழைப்பாளி ஒருவர் மூலதனத்தை எதிர்த்துப் பெற்ற அரைவெற்றி எனச் சிலர் கொண்டாடினர். நான் அவ்வாறு கருதவில்லை. ஆய்வின் பயன் எவரேனும் ஒருவருடைய தனியுடைமை என்னும் எடுகோளை இரு தரப்பும் ஏற்றிருந்தன. எவருடையது, எவ்வளவு என்பதே வழக்கு. நாகோயாவின் பொதுப்பணமோ, உலையருகே இரவுபகலாக நின்ற உதவியாளரின் கைப்பழக்கமோ அவ்வழக்கிற் கட்சிக்காரராகவில்லை. பின்னர் 2015 இல் யப்பான் தன் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியரின் புத்தாக்கம் தொடக்கத்திலிருந்தே கம்பனிக்கு உரித்தாகுமாறு ஒழுங்குசெய்ய இடமளித்தது. மறுபுறம், அக்கசாக்கியின் காப்புரிமைகள் ஈட்டிய பணத்தைக் கொண்டு நாகோயாப் பல்கலைக்கழகம் 2006 இல் ஓர் ஆய்வு நிலையத்தைக் கட்டிற்று என்பதையும் கூறவேண்டும்.

நீலச் சில்லு மாத்திரம் வெண்ணொளி தராது. நிச்சியா, விளக்குகளுக்கும் தொலைக்காட்சிக்கும் ஒளிர்பொருள் ஆக்கி விற்ற கம்பனி. ஆகவே நீலத்தின்மேல் எதைப் பூசலாம் என்னும் அறிவு அதன் தொழிலாளரிடம் ஏற்கெனவே இருந்தது. தெரிந்தெடுக்கப்பட்டது யித்திரியம் அலுமினியம் கார்னெற்று என்னும் பளிங்கு. அதில் யித்திரிய அணுக்களுள் நூற்றில் ஓரிரண்டை நீக்கிச் சீரியத்தைப் புகுத்துவர். மென்ரிலில் நூற்றுக்கு ஒன்றாய் நின்ற அதே சீரியம்! ஆனால் தொழிற்படும் முறை வேறு. மென்ரிலில் அது கொதித்து ஒளிர்ந்தது. இங்கு கொதிநிலை வேண்டியதில்லை. சீரிய அயனின் உட்புற இலத்திரன் ஒன்று நீல ஒளியை உறிஞ்சி வெளிப்புறப் படி ஒன்றுக்குத் தாவி, மீண்டு விழும்போது மஞ்சள் ஒளியைக் காலும். ஒரு பகுதி நீலம் உறிஞ்சப்படாது வெளியேறும். நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகும். 1996 இல் இவ்விளக்கு சந்தைக்கு வந்தது. ஜேர்மனியின் பிறைபேர்க் நகர ஆய்வாளர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வழியை அடைந்தனர். அவ்வொளிர்பொருளோ 1967 இல் ஒல்லாந்தில் பிளாஸ், பிறில் என்போர் கதோட்டுக் குழாய்க்கென ஆராய்ந்து வெளியிட்டது. முப்பது ஆண்டுகள் வேறொரு தொழிலில் இருந்த பொருள், நீலச் சில்லு வந்ததும் உலகை ஒளியேற்றும் பண்டமாயிற்று. அதன் அடிப்படைக் காப்புரிமைகள் 2017 அளவில் காலாவதியாகும் வரை, யார் வெண்ணொளி செய்யலாம் என்பதை உரிம ஒப்பந்தங்களே தீர்மானித்தன.

இவ்வகை விளக்குகளுட் சிறந்தவை இன்று வாற்றுக்கு 200 லூமன் வரை தருகின்றன. ஆயின் அவ்வெண்மையில் ஒரு குறை உண்டு. மஞ்சட் பூச்சின் ஒளியிற் சிவப்பு மிகக் குறைவு. தீப்பந்தத்தின் செவ்வொளிக்கெனக் குழைத்த அரிதாரத்தைக் கூத்தர் பூசிவர, மலிவான வெண் இருவாயியை மேடையில் எரித்தால், முகச்சிவப்பு மண்ணிறமாகத் தோன்றும். சிவந்த பட்டு மங்கும். கண்டோர் அறிவர். மருத்துவமனையில் நோயாளியின் தோல்நிறம் பார்ப்போருக்கும் இதே இடர்ப்பாடு. லூமன் கணக்கில் மாத்திரம் சிறந்த விளக்கு, நிறத்தைக் காட்டுவதிற் சிறந்ததாயிருக்க வேண்டியதில்லை. புதிய ஒளிர்பொருளுக்கான இன்றைய தேடலின் மையம் இம்முரண்பாடே.

சிவப்பை எங்கிருந்து பெறுவது? சீரியம், யூரோப்பியம் போன்ற அயன்களின் இலத்திரன் தாவிச் செல்லும் வெளிப்படி சுற்றியுள்ள அணுக்களுக்குத் திறந்து கிடப்பது. எனவே அயலார் மாறினால் நிறமும் மாறும். ஒட்சிசனுக்குப் பதிலாக நைதரசன் அயலாயின், பிணைப்பு இறுகி வெளிப்படி தாழும். ஒளி சிவப்பை நோக்கி நகரும். 1990களின் பிற்பகுதி தொட்டு ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் யப்பானிலும் நைதரைட்டு ஒளிர்பொருள்கள் ஆராயப்பட்டமை இதனாலேயே. யூரோப்பியம் ஊட்டிய கல்சியம் அலுமினியம் சிலிக்கன் நைதரைட்டு யப்பானில் 2000களின் நடுவில் வெளிவந்தது. 650 நனோமீற்றரைச் சுற்றி ஒளிர்வது. விளக்கு சூடேறினும் எளிதில் மங்காதது. ஆயின் அதன் சிவப்பு அகன்ற பட்டையானது. பட்டையின் ஒரு பகுதி கண் உணராத எல்லைக்கு அப்பால் வீணாகின்றது. ஆகவே ஒடுங்கிய பட்டை வேண்டும். 2014 இல் மியூனிக்கில் வொல்ஃப்காங் ஷ்னிக் குழுவினர் ஸ்ரொன்சியம் இலிதியம் அலுமினியம் நைதரைட்டில் ஏறத்தாழ 50 நனோமீற்றர் அகலமுள்ள சிவப்பைப் பெற்றனர். ஆனால் அதன் உச்சியும் 650 இலேயே நின்றது. 2019 இல் வெளிவந்த வேறொரு ஆய்வில் அந்நைதரசனுட் பாதியை ஒட்சிசனாக மாற்றியபோது உச்சி 614க்கு இறங்கிற்று, அகலமோ ஏறாது நின்றது. அயலாரை ஒவ்வொருவராக மாற்றிப் பார்க்கும் பொறுமையான வேலை இது. 2018 இல் கலிபோர்ணியாவின் சான் டியாகோவில் கணினியைக் கொண்டே அறியப்படாத சேர்வை ஒன்றை முன்னுரைத்து ஆக்கிக் காட்டியபின் இத்தேடல் ஓரளவு விரைவுற்றுள்ளது. நீலத்தைச் சிவப்பாக்குவதில் தவிர்க்கவொண்ணா இழப்பும் உண்டு: 450 நனோமீற்றர் ஒளி 620 ஆகும்போது சக்தியில் நூற்றில் 27 பங்கு வெப்பமாகப் போகும். எந்தப் பூச்சும் இதனை மீட்காது.

மற்றொரு வழி மங்கனீசு ஊட்டிய பொற்றாசியம் புளோரைட்டுச் சேர்வை. 630 நனோமீற்றர் அளவில் மிக ஒடுங்கிய சிவப்புக் கோடுகள் தருவது. அருமண் உலோகம் எதுவும் வேண்டாதது. ஆயின் அதனைச் செய்வதற்கு ஐதரோபுளோரிக் அமிலம் தேவை. தோலூடு புகுந்து எலும்பைத் தாக்கும் அவ்வமிலத்தின் அருகில் நிற்போரின் பாதுகாப்புப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. சேதன இருவாயிகளையும், கட்மியம் அல்லது ஈயம் கொண்ட நுண்துகள்களையும் இங்கு பெயரளவிலேயே சுட்டுகிறேன். அவை இதுவரை காட்சித் திரையில் இடம்பிடித்த அளவுக்கு வீட்டு விளக்கிற் பிடிக்கவில்லை.

இவ்வளவும் கூறியபின், சிக்கனத்தால் விளைந்தது யாதெனக் கேட்கவேண்டும். அதன் பயன்மதிப்பை மறுப்பது பேதைமை. 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலிற் சிறுதிரியிட்ட விளக்கின் முன் எழுத்துக் கூட்டியவர்கள் நாம். 2022 பங்குனி இறுதியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டபோது, மின்னேற்றிய ஒரு சிறு இருவாயி விளக்கு ஒரு பிள்ளையின் இரவுப் படிப்பைக் காத்தது. இழைக்குமிழை எரிப்பின் அதே மின்கலம் சிறிது நேரத்திலேயே தீர்ந்திருக்கும். ஆனால் உலகு முழுவதையும் நோக்கின், சேமித்த மின் சேமிப்பாகவே நின்றுவிடவில்லை. 2012 முதல் 2016 வரை பூமியின் செயற்கை ஒளிபட்ட பரப்பு ஆண்டுக்கு 2.2 சதவீதம் விரிந்ததாகச் செய்மதி அளவீடுகள் காட்டின. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எஞ்சின் நிலக்கரி நுகர்வைப் பெருக்கும் என ஜெவன்ஸ் 1865 இற் சொன்னதை இங்கு நினைவுகூரலாம். இரண்டாண்டு கழித்து வெளிவந்த மூலதனம் முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயம் இரவு வேலையையும் ஆள்மாற்று முறையையும் விரிவாக ஆராய்கின்றது. விளக்கு மலிந்தால் இரவு எவருக்குக் கிடைக்கும் என்பது அங்கேயே எழுப்பப்பட்ட வினா.

மூலப்பொருளின் கதையும் முடிந்தபாடில்லை. அருமண் உலோகங்களை அகழ்ந்து பிரிக்கும் தொழிலிற் பெரும்பகுதி சீனாவில் உள்ளது. 2010 இல் அந்நாடு ஏற்றுமதியைக் குறைத்தபோது ஒளிர்பொருட் தொழில் நடுங்கிற்று. 2025 சித்திரையில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட உலோகங்களுள் யித்திரியமும் ஒன்று. மின்குழலின் நீண்ட உட்புறம் முழுவதும் பூசவேண்டியிருந்த காலத்தோடு ஒப்பிடின், இருவாயிக்கு வேண்டிய அளவு மிகச் சிறிது. ஆனால் அச்சிறிதளவையும் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் ஆற்றல் உள்ளவரே விலையைச் சொல்கின்றனர்.

திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரையில் கறுத்த கனிய மணல் நெடுங்காலமாக அள்ளப்பட்டு வருகின்றது. இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் என்பனவே அதில் மிகுதி; அவை பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றன. மொனசைற்றும் சிறிதளவு அதிற் கலந்துள்ளது. அம்மொனசைற்றிற் சீரியம் இருக்கின்றது.